தனித்தேனீக்களின் பூகோளம்

பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஜீவராசிகளின் வகைகள் பெருகும் என்பதும், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல அவை அருகிவிடும் என்பதும் உயிர்நூல் வல்லார் நெடுங்காலமாகக் கண்டு தெளிந்த விஷயம். மரங்களை எண்ணினாலும் பறவைகளை எண்ணினாலும், வண்ணத்துப்பூச்சி, எறும்பு, தவளை என்று எந்த வர்க்கத்தை எடுத்துக்கொண்டாலும், குளிர் தேசங்களில் சிலவாக இருப்பவை உஷ்ணமும் மழையும் ஓயாத வனங்களில் பற்பலவாக விரிந்து கிடப்பதைக் காண்கிறோம். அவ்வாறாயின், பூக்களையன்றி வேறு ஜீவனோபாயமே இல்லாத தேனீக்கள், ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு மரமாவது பூத்துக் குலுங்கும் மழைக்காடுகளில்தான் அதிக வகைகளாக வாழும் என்று எவரும் அநுமானிப்பர். அநுமானம் நியாயமானதே, ஆனால் உண்மை அதற்கு நேர் மாறாக இருக்கிறது.

உலகில் இதுவரை பெயர் சூட்டப்பெற்ற தேனீ இனங்கள் 20,000-க்கும் மேற்பட்டவை. பறவைகளையும் பாலூட்டிகளையும் சேர்த்து எண்ணினாலும் இத்தொகையை எட்டுவது அரிது. இவற்றின் வகைமை உச்சம் பெறும் இடங்கள், மத்திய தரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள், கலிபோர்னியாவும் அரிஸோனாவும் வடமெக்ஸிகோவும் சேர்ந்த வறண்ட பிரதேசம், மத்திய ஆசியாவின் புல்வெளிகள், தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கோடி, சிலியும் அர்ஜென்டினாவும், ஆஸ்திரேலியாவின் உலர்ந்த பகுதிகள் ஆகியனவே. அதாவது, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு வளையமும் தெற்கே ஒரு வளையமுமாக இரண்டு வளையங்களில் தேனீக்கள் செறிந்து, நடுவிலுள்ள ஈரமான மண்டலத்தில் தளர்ந்து காணப்படுகின்றன. கான்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஆயுள் முழுவதும் தேனீக்களையே ஆராய்ந்து 2015-இல் மறைந்த சார்ல்ஸ் மிச்சனர், 1979-இல் எழுதிய நீண்ட கட்டுரையொன்றில் இதைச் சுட்டிக்காட்டினார். மைக்கேல் ஆர், ஜான் ஆஷர் முதலியோர் உலக இனங்களின் அட்டவணையையும் ஐம்பத்தெட்டு லட்சம் அளவிலான பதிவுகளையும் ஒப்புநோக்கி 2021-இல் வெளியிட்ட உலகப் படம் அவருடைய கருத்தை உறுதிப்படுத்திற்று.

சில எண்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். இலங்கைத் தீவின் பரப்பு ஏறக்குறைய 65,000 சதுர கிலோமீட்டர்; அங்கே பதிவான தேனீ இனங்கள் சுமார் 150. அதன் மூன்றிலொரு பங்கே பரப்புள்ள இஸ்ரேலில் 1,000-க்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. அரிஸோனாவும் மெக்ஸிகோவும் சந்திக்கும் எல்லையில், ஸான் பெர்னார்டினோ என்னும் பாலைப் பள்ளத்தாக்கில், ராபர்ட் மிங்க்லியும் அவருடைய துணைவரும் பல்லாண்டு உழைத்து 16 சதுர கிலோமீட்டருக்குள் 497 இனங்களைப் பிடித்தனர். நம் ஊர்ப் பக்கத்தில் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்களின் பரப்புக்கு இது சமம். இந்தியா முழுவதற்கும் சேர்த்தே எழுநூற்றுச் சொச்சம் இனங்கள்தான் அட்டவணையில் ஏறியுள்ளன. மழையும் மூடுபனியும் மிக்க பிரிட்டனில் கூட 270 அளவில் உள்ளன. அந்நாடுகளில் தேடியவர் பலர், நம் பக்கத்தில் தேடியவர் சிலர் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்காக எவ்வளவு தள்ளிக் கொடுத்தாலும் மிஞ்சும் வேற்றுமை சிறிதன்று.

காரணத்தை ஆராயுமுன், எந்தத் தேனீக்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ என்று நம் மக்கள் பெயரிட்டு அறிந்திருப்பவை யாவும் சமூகமாக வாழ்பவை. ராணியும் வேலைக்காரிகளும் தேன் சேமிப்பும் உள்ளவை. உலகக் கணக்கில் இவை சிறுபான்மையே: தேன் அடை கட்டும் உண்மைத் தேனீக்கள் பத்துக்குச் சற்று முன்பின், கொடுக்கில்லாக் கொசுத்தேனீக்கள் 500-க்குச் சற்று மேல், குளிர்நாட்டு ரோமத் தேனீக்கள் 260 அளவில். எஞ்சிய பெருந்தொகையில் மிகப் பல தனித்தேனீக்கள். இவற்றில் ராணியும் இல்லை, ஏவலாளும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தானே இடம் தேடி, தானே அறை தோண்டி, மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டையாக்கி உள்ளே வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, வாயிலை அடைத்துவிட்டு அடுத்த அறையைத் தோண்டப் போகிறது. இவ்வாறு தன் சில வார ஆயுளில் அது முடிக்கும் அறைகள் பெரும்பாலும் முப்பதைத் தாண்டுவதில்லை. முட்டை பொரிந்து புழுவாகித் தேனீயாகி வெளிவரும்போது, பெரும்பாலான இனங்களில், தாய் இறந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். இந்த உழைப்பையும் மேற்கொள்ளாது, அயலாள் அறைக்குள் புகுந்து முட்டையிட்டுவிட்டுப் போகும் குயில்தேனீக்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. உழைப்பாளிகள் பெருகிய இடத்தில் இத்தகையோரும் பெருகுவது தேனீ உலகத்துக்கு மட்டும் உரிய விதியன்று.

தாய் கட்டிய அந்த அறைதான் இக்கட்டுரையின் மையம். தேனீக்களின் பரவலை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் பூக்களிலிருந்து தொடங்குகின்றனர். எந்தத் தாவரம் எங்கே உண்டோ அந்தத் தேனீ அங்கே உண்டு என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம். ஆயினும் பூவைவிட மண் முதன்மையானது என்பதும், ஒரு நாட்டில் எத்தனை வகைத் தனித்தேனீக்கள் வாழக்கூடும் என்பதை, அந்நாட்டு நிலத்தடியில் பிசைந்து வைத்த மகரந்தம் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதே பெரிதும் நிர்ணயிக்கிறது என்பதும் என் அபிப்பிராயம். சந்ததி வளர்க்கும் பாரத்தைத் தாமே சுமக்கும் தேனீக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இனங்கள் நிலத்தைத் தோண்டியே கூடமைக்கின்றன. புழு அடைபட்டுக் கிடப்பது, சில வாரங்கள் உண்பதற்காக. பிறகு பல மாதங்கள் உறங்குவதற்காக. வைத்த உணவோ புரதமும் சர்க்கரையும் நிறைந்தது. ஈரக் கரண்டி பட்ட ஊறுகாய்ச் சாடிக்கு என்ன நேருமோ அதுவே ஈரமண்ணில் புதைத்த மகரந்த உருண்டைக்கும் நேரும். பூஞ்சணம் படர்ந்து உணவும் கெடும், புழுவும் மடியும். மண் மிகவும் உலர்ந்திருந்தாலோ, உருண்டை இறுகி, முட்டை வாடிப்போகும். ஆகவே தாய்க்கு வேண்டியது, ஓரளவு ஈரமுடையதாயினும் நீர் தேங்காத, சூரியன் படும், மூடாக்கு அற்ற நிலம். பாலைகளும் புல்வெளிகளும் வழங்குவது இத்தகைய நிலத்தைத்தான். மழைக்காட்டின் நிழல் படிந்த, இலை மக்கிய ஈரத்தரை வழங்குவது பூஞ்சணத்துக்குரிய நாற்றங்கால்.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு அமெரிக்க உழவர்களின் அநுபவமே சான்று. வாஷிங்டன் மாகாணத்து டூஷே பள்ளத்தாக்கில் விதைக்காகக் குதிரைமசால் பயிரிடுவோர், நோமியா மெலாண்டரி என்னும் காரநிலத் தேனீயைத் தம் வயலோரங்களில் குடியமர்த்தி வளர்க்கின்றனர். அதற்காக அவர்கள் பூச்செடி நடுவதில்லை. களர்நிலம் போன்ற மேடையை அமைத்து, நிலத்தடிக் குழாய்கள் வழியே அளவாக நீர் பாய்ச்சி, மேலே உப்புப் பொருக்கு படியச் செய்து, ஈரம் ஆவியாகிப் போகாமல் காக்கின்றனர். மண் பக்குவப்பட்டால் தேனீக்கள் லட்சக்கணக்கில் வந்து குடியேறுகின்றன. பாத்ரா தம்பதியரும் ஜார்ஜ் போஹார்ட்டும் 1973-இல் தேனீக் கூடுகளில் வாழும் பூஞ்சணங்களைத் தொகுத்து ஆராய்ந்ததும், அவை தேனீ வளர்ப்பில் விளைவித்த சேதத்தை உணர்ந்தே ஆகும்.

பூஞ்சணத்துக்கும் ஈரத்துக்கும் எதிராகத் தேனீக் குலம் கண்டுபிடித்த உபாயங்கள் விசித்திரமானவை. கொலெட்டிஸ் என்னும் பேரினத்துத் தாய், வயிற்றுச் சுரப்பி ஒன்றிலிருந்து கசியும் திரவத்தை நாவினால் அறைச்சுவரில் பூசும். அது உலர்ந்ததும் நீர் புகாத, ஒளி ஊடுருவும் மெல்லிய தாளாகிவிடும். வேதியியலார் பகுத்துப் பார்த்தபோது, நாம் இரசாயனச் சாலைகளில் செய்யும் பாலியெஸ்டர் இனத்தைச் சேர்ந்த பொருளாகவே அது இருந்தது. ஹாலிக்டிடே குடும்பத்தார் மெழுகு போன்ற வேறொரு பூச்சைத் தடவுகின்றனர். ஆந்தோபோரா பேரினத்தில் ஓர் இனத்தின் புழு, உணவு தீர்ந்ததும், தாய் பூசிய சுவர்ப் பூச்சையும் சுரண்டித் தின்கிறது. சிக்கனத்துக்கு இதனினும் மேம்பட்ட உதாரணம் கிடைப்பது கடினம். மெகாக்கிலிடே குடும்பமோ சுரப்பியை நம்பாமல் வெளியிலிருந்து பொருள் கொண்டுவருகிறது. இலைவெட்டித் தேனீக்கள் ரோஜா முதலிய இலைகளில் வட்ட வட்டமாக நறுக்கியெடுத்துச் சுருட்டி அறை அமைக்கின்றன. சில பிசினையும், சில சேற்றையும், சில செடிகளின் பஞ்சு ரோமத்தையும் கொணர்கின்றன. துருக்கியிலும் ஈரானிலும் காணப்படும் ஆஸ்மியா அவோஸெட்டா பூவிதழ்களை இரண்டு அடுக்காக வைத்து, நடுவே மண் பூசி, வண்ணமயமான தொட்டில் செய்கிறது.

இவ்வுபாயங்களை மனத்திற்கொண்டு மழைக்காடுகளை மீண்டும் நோக்கினால், அங்கே செழித்திருப்பவை எவை என்பது பொருள் நிறைந்ததாகத் தோன்றும். உண்மைத் தேனீக்கள் மெழுகால் அடை கட்டுகின்றன. கொசுத்தேனீக்கள் மெழுகுடன் பிசினைக் கலக்கின்றன. அமெரிக்க உஷ்ண மண்டலத்துக்கே உரிய, பச்சைப் பொன்னாய் மின்னும் ஆர்க்கிட் தேனீக்களும் பிசினையே பெரிதும் கையாள்கின்றன. கரிய பெரிய தச்சுத் தேனீக்கள் காய்ந்த மரத்தைக் குடைந்து, தரையின் ஈரத்துக்கு எட்டாத உயரத்தில் அறை அமைக்கின்றன. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1858-இல் மொலுக்காத் தீவுக் கூட்டத்துப் பாசான் தீவில் கண்டெடுத்த, உலகத் தேனீக்களிற் பெரியதான மெகாக்கிலி புளூட்டோவும், மரத்தில் கறையான் கட்டிய புற்றுக்குள் பிசினால் சுரங்கம் பூசியே வாழ்கிறது என்று 1981-இல் ஆடம் மெஸ்ஸர் அதை மீண்டும் கண்டபோது தெரியவந்தது. மெழுகும் பிசினும் மரமும் கைவசமுள்ளோர்க்கு ஈரநாடு பகையில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இல்லாமலில்லை. ஹாலிக்டிடே குடும்பத்தார் மண்ணைத் தோண்டுபவர்களாயிருந்தும் ஈரமான உஷ்ண நாடுகளில் ஏராளமாக உள்ளனர். செங்குத்தான கரைகளிலும் சரிவுகளிலும் நீர் வடிந்தோடும் இடங்களை அவர்களிற் பலர் தேர்ந்துகொள்வதைச் சொல்லி இதற்கு ஒருவாறு சமாதானம் கூறலாமேயன்றி, முழுவதும் விடை கூறிவிட்டதாகச் சொல்ல இயலாது. மற்றொரு கட்சியினர், மண்ணை விட்டுவிட்டுப் போட்டியைக் காரணமாகக் காட்டுகின்றனர்: ஆண்டெல்லாம் பூ உள்ள நாட்டில் ஆயிரக்கணக்கான வேலைக்காரிகளுடைய சமூகத் தேனீக்கள் விடியுமுன்னரே பூக்களைக் கொள்ளையிட்டுவிடுகின்றன, ஆண்டில் சில வாரங்களே பறக்கும் தனித்தேனீக்கு எஞ்சுவது யாது? இவ்வாதமும் வலுவுடையதே. பூக்காலம் குறுகிய நாட்டில் பெருங்குடும்பத்தைப் பராமரிப்பது கடினமாதலால் சமூகத் தேனீ பின்தங்க, தனித்தேனீ முன்னேறும். இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. ஆனால் போட்டி மட்டுமே காரணமாயின் எல்லாத் தனித்தேனீக்களும் ஒருங்கே குறைந்திருக்க வேண்டும்; உண்மையில் ஈரநாட்டில் விசேஷமாகக் குறைவது மண்ணில் கூடமைப்போரே. இதனால்தான் மண்ணின் பக்கம் சாய்கிறேன்.

பாலைக்கு உரிய மற்றொரு சக்தி காத்திருத்தல். அங்கே மழை ஒருமுறை தவறினால் பூக்களே இல்லாத ஆண்டு வரும். வட அமெரிக்காவில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகியுள்ள பெர்டிட்டா என்னும் சின்னஞ்சிறு தேனீக்கள் (அவற்றுள் மிகச் சிறியது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவானது) இந்நெருக்கடியைச் சமாளிக்கும் விதத்தை பிரையன் டான்போர்த் 1999-இல் விளக்கினார். பெர்டிட்டா போர்ட்டாலிஸ் இனத்தின் வளர்ந்த புழுக்கள் நிலத்தடியில் உறங்கிக் கிடக்கின்றன. மழையின் ஈரம் எட்டியவுடன் ஒரு பகுதி தேனீயாகி வெளிவருகிறது. மறு பகுதி, அதே ஈரத்தை உணர்ந்தும், அடுத்த ஆண்டையோ அதற்கு மேற்பட்ட ஆண்டையோ எதிர்பார்த்துத் துயிலைத் தொடர்கிறது. முதலில் வந்தவை பஞ்சத்தில் மடிந்தாலும் வம்சம் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். இத்தகைய நெடுந்துயில், உலர்ந்த மண்ணில்தான் சாத்தியம். மேலும், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் மழை பெய்யும் நாள் வேறாக, பூக்கும் வாரமும் வேறாக இருப்பதால், ஒரு பள்ளத்தாக்கின் தேனீக்கள் மறு பள்ளத்தாக்கினரோடு கலவாமல் காலப்போக்கில் வேறு இனங்களாகப் பிரிவதற்கும் ஏது உண்டாகிறது. சிறிய தனித்தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் இரை தேடிச் செல்வது அரிது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இனிப் பூவின் பங்கு. ஒரே தாவரத்தின், அல்லது ஒரே பேரினத்தின், மகரந்தத்தையன்றி வேறெதையும் தம் புழுவுக்கு ஊட்டாத தேனீக்கள் பாலைகளில் மிகுதி. இவற்றின் எல்லை தாவரத்தின் எல்லையைத் தாண்டாது. பூசணித் தேனீயின் வரலாறு இதற்கு அழகிய திருஷ்டாந்தம். மெக்ஸிகோவிலும் அதை ஒட்டிய பாலைகளிலும் காட்டுப் பூசணிக்கொடிகளை நம்பி வாழ்ந்துகொண்டிருந்த இந்தத் தேனீ, அமெரிக்கப் பழங்குடியினர் பூசணியைப் பயிராக்கி வடக்கே கொண்டுசெல்ல, அவர்கள் பின்னாலேயே சென்று, காட்டுப் பூசணியே முளைக்காத கனடா எல்லை வரை பரவிற்று; இக்காலத்து மரபணு ஆராய்ச்சியில், வடக்கே செல்லச் செல்ல அதன் மரபு வேற்றுமை குறுகிக்கொண்டே போவதிலிருந்து அந்த யாத்திரையின் திசையை 2016-இல் கண்டறிந்தனர். மனிதனுடைய தோட்டத்தை ஒட்டியே ஒரு காட்டுத்தேனீ கண்டம் முழுவதும் பரவியது இவ்வாறு.

தென்னாப்பிரிக்காவின் ரெடிவீவா இன்னும் வியப்பானது. அங்குள்ள டயாஸியா என்னும் செடியின் மலர், தேனுக்குப் பதிலாக எண்ணெயை இரண்டு நீண்ட குழல்களின் அடியில் வைத்திருக்கும். அதை எடுப்பதற்கு ரெடிவீவாத் தேனீக்களின் முன்னங்கால்கள் நீண்டுள்ளன. எம்டியோரம் என்னும் இனத்தில் அவை உடலையும் விஞ்சி நிற்கின்றன. குழல் நீண்ட மலருள்ள மலையில் கால் நீண்ட தேனீயும், குட்டையான மலருள்ள மலையில் கால் குட்டையான தேனீயும் வாழ்கின்றன. ரெடிவீவாவின் வடநாட்டு உறவான மாக்ரோப்பிஸ், லைஸிமாக்கியாச் செடியின் மலரெண்ணெயைச் சேகரித்து, புழுவின் உணவோடு கலப்பதுடன் அறைச்சுவரிலும் பூசுகிறது. பிற தேனீக்கள் அஞ்சி ஒதுங்கும் சதுப்பு ஓரத்து ஈரமண்ணில் அது துணிந்து கூடமைப்பது இவ்வெண்ணெயின் பலத்தால்தான். பூவைப் பற்றிய கதையாகத் தொடங்கியது, இங்கும் மண்ணில் வந்து முடிகிறது.

கடல் நடுவிலுள்ள தீவுகள் இவ்விஷயத்தில் ஒரு பரிசோதனைக் கூடம் போன்று பயன்படுகின்றன. நிலத்தடிக் கூடு கடலில் மிதக்காது. மரக்கிளையிலோ நாணலிலோ அமைந்த கூடு மிதக்கும். எந்தக் கண்டத்துக்கும் 3,500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஹவாய்த் தீவுகளில், மனிதன் கொண்டுவராத தேனீக்கள் யாவும் ஹைலேயஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. குச்சிகளின் துளைகளில் முட்டையிடும் வழக்கமுள்ள இப்பேரினத்தின் ஒரே மூதாதை எப்படியோ கரை சேர்ந்து, எரிமலைச் சரிவு, கடலோரம், காடு என்று பிரிந்து, 60-க்கும் மேற்பட்ட இனங்களாயிற்று. அவற்றுள் ஏழினை 2016-இல் அமெரிக்க அரசு அருகிவரும் உயிரினங்களாக அறிவித்தது. அந்நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற முதல் தேனீக்கள் அவையே.

தேனீக்களைக் கடல் கடத்தும் வேலையைக் கப்பல்களும் சரக்குப் பெட்டிகளும் இப்போது விரைவுபடுத்தியுள்ளன. ஐரோப்பா ஆசியாவுக்குரிய மெகாக்கிலி ரோட்டுண்டேட்டா இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் வட அமெரிக்காவில் குடியேறி, இன்று குதிரைமசால் விதைத் தொழிலுக்கே ஆதாரமாக விளங்குகிறது. கிழக்காசியாவின் பெரிய பிசின் தேனீயான மெகாக்கிலி ஸ்கல்ப்டுராலிஸ் 1994-இல் வட கரோலினாவிலும், 2008-இல் பிரான்ஸிலும் தென்பட்டது. நம் நாட்டில் சுவர்த் துவாரங்களிலும் சாவித் துளைகளிலும் மண் அடைக்கும் மெகாக்கிலி லானாட்டா மேற்கிந்தியத் தீவுகளில் வெகுநாளாய்க் குடியிருக்கிறது. நாடு கடந்தவற்றுள் நிலத்தடியில் வாழ்பவையும் சில உண்டு. ஆயினும் பெரும்பாலானவை மரத்திலோ துளையிலோ கூடமைப்பவை. மூட்டையோடு மூட்டையாய்ப் பிரயாணம் செய்ய அத்தகைய கூடே தோதானது.

குடும்பங்களின் பரவலுக்கு இதனினும் பழைய காரணங்கள் உண்டு. தேனீக்களின் ஏழு குடும்பங்களுள் ஸ்டெனோட்ரிட்டிடே ஆஸ்திரேலியாவில் மட்டுமே உள்ளது. கொலெட்டிடே எங்கும் இருந்தாலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும்தான் ஆட்சி செலுத்துகிறது. மெலிட்டிடே ஆப்பிரிக்காவிலும் வட கண்டங்களிலும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் அறவே இல்லை. ஆண்ட்ரெனா என்னும் ஒரே பேரினம் 1,500-க்கும் மேற்பட்ட இனங்களாக வட அரைக்கோளத்தில் விரிந்திருந்தும், உஷ்ண மண்டலத்தை அணுகியவுடன் தேய்ந்து மறைகிறது. 2023-இல் எட்வர்டோ அல்மேடா முதலியோர் மரபணுக்களையும் புதைபடிவங்களையும் ஒருங்கே ஆராய்ந்து, குளவிக் குலத்திலிருந்து தேனீக்கள் பிரிந்தது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் ஒட்டியிருந்த கோண்டுவானா நிலத்தின் மேற்குப் பகுதியில் என்றும், அந்நிலம் அப்போது வறண்டதாயிருந்தது என்றும், ஆஸ்திரேலியாவையும் இந்தியாவையும் தேனீக்கள் பிற்காலத்திலேயே எட்டின என்றும் முடிவு கூறினர். ஆகவே வறண்ட நிலத்தில் அவற்றுக்குள்ள பற்று பிறப்பிலேயே அமைந்தது எனலாம்.

தாமதமாகத் தேனீக்கள் வந்து சேர்ந்த இந்த இந்தியாவில், அவற்றைப் பற்றிய நூல்களும் தாமதமாகவே வந்தன. படையிலும் பிறகு பர்மா வன இலாகாவிலும் பணிபுரிந்த சார்ல்ஸ் தாமஸ் பிங்ஹாம் 1897-இல் வெளியிட்ட குளவி, தேனீத் தொகுதிதான், பர்மாவையும் இலங்கையையும் உள்ளடக்கி, இப்பிரதேசத்தின் தேனீக்களை ஒருசேர விவரித்த முதல் பெருநூல். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதைப் புரட்டாமல் இங்கே தேனீ ஆராய்ச்சி தொடங்குவதில்லை. அதற்கும் முந்திய கதை ஒன்று தமிழ்க் கடற்கரையைச் சேர்ந்தது. டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் பூச்சிகள் அனுப்பப்பட்டு வந்த காலத்தில், லின்னேயஸின் மாணாக்கரான பாப்ரிஷியஸ் 1804-இல் ஒரு தேனீக்கு அவ்வூரின் பெயரையே சூட்டினார். ஸைலோகோப்பா டிராங்குபாரிக்கா என்று இன்று வழங்கும் அத்தச்சுத் தேனீ, தனித்தேனீக்களிடையே அபூர்வமானதொரு சுபாவமுடையது: அது இரவில் பறக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பீமாசங்கர் காடுகளில் ஹேமா சோமநாதன், ரெனே போர்ஜஸ் ஆகியோர் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து நடத்திய பரிசோதனைகளில், அமாவாசை இருளிலும் அது இரை தேடுவதும், நட்சத்திர ஒளியில் நிறங்களைப் பகுத்தறிவதும் 2008-இல் தெரியவந்தன. பகலுக்கென்று அமைந்த கண் வகையைக் கொண்டே அது இதைச் சாதிக்கிறது. பகலெல்லாம் மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயும் முற்றுகையிடும் காட்டில், அவை உறங்கும் வேளையைத் தனதாக்கிக்கொண்டதும், ஈரத்தரையை விட்டு மரத்தில் குடியேறியதும் ஆகிய இரண்டையும் ஒரே இனத்தில் காண்பது, மேலே கூறிய இரு கட்சிகளையும் இணைத்துப் பார்க்கத் தூண்டுகிறது.

இலங்கைப் பட்டியலில் கொலெட்டிடே, ஹாலிக்டிடே, மெகாக்கிலிடே, ஏப்பிடே என்ற நான்கு குடும்பங்களே உள்ளன, ஆண்ட்ரெனாவின் குடும்பமான ஆண்ட்ரெனிடே இல்லை. இந்த இன்மைக்கு ஈரமண் காரணமா, தாமத வருகை காரணமா என்பதைத் தீர்மானிக்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. மலையின் மழை மறைவில் கிடக்கும் கோயம்புத்தூர்ச் சமவெளியும், திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துச் செந்நிறத் தேரி மணற்பரப்பும், வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த சில வாரங்களுக்குள் நெருஞ்சியும் தும்பையும் பூத்து முடித்துவிடும் வறண்ட நிலங்கள், மணல் நீரைத் தேக்குவதில்லை, நிழலும் குறைவு. அங்கிருந்து ஒரு நாள் பயணத்தில் எட்டக்கூடிய வால்பாறையோ, ஆண்டில் பெரும்பாகம் நனைந்தே இருக்கும் நாடு. மண்தான் காரணமென்னும் என் கட்சி மெய்யாயின், ஆவாரம்பூவை உதறி மகரந்தம் கொள்ளும் நீலவரித் தேனீக்களும், நோமியாக்களும், பெயரிடப்படாத சின்னஞ்சிறு ஹாலிக்டிடேக்களும் என, மண் தோண்டும் இனங்கள் தேரியில் வால்பாறையைக் காட்டிலும் பன்மடங்கு கிடைக்க வேண்டும். வால்பாறையின் பட்டியலில் பிசினும் மரமும் கையாள்வோர் விகிதம் ஓங்க வேண்டும். இதை அறிய, வண்ணத் தட்டில் நீர் வைத்துப் பூச்சி பிடிக்கும் சுலப முறை போதாது; மழைக்குப் பிந்திய வாரங்களில் வரப்பையும் ஏரிக்கரையையும் மண்சுவரையும் நின்று நோக்கி, வாயிலைக் கண்டு, தோண்டி, அறையின் ஈரத்தை அளக்க வேண்டும். மண் தோண்டிகள் தேரியில் திரளாக அகப்பட்டு, ஆண்ட்ரெனாவுக்கு ஏற்ற உலர்நிலமே அது என்று தெளிந்த பின்னும், அக்குடும்பத்தில் ஒன்றுகூடத் தென்படாது போகுமாயின், அவ்வொரு குடும்பத்தைப் பொறுத்தமட்டிலாவது மண்ணின் மீது நான் சுமத்தும் பொறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவில் வந்து மோதிய காலத்துக் கணக்கில் விடை தேட வேண்டியிருக்கும்.